இடப்பக்கத்து இரைச்சல்

மோகனசுந்தரம் பால் சொசைட்டியில் செக்ரட்டரியாக இருந்த முப்பத்தொரு வருஷத்தில், தண்ணீர் கலந்த பாலை ஒருநாள்கூட ஏமாந்து வாங்கியதில்லை என்று கேரள எல்லையோர மீனாட்சிபுரம் பக்கத்தில் பேச்சு. லாக்டோமீட்டரை விடுவதற்கு முன்பே, கேனோடு வரிசையில் நிற்கிறவரின் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். பிடிபட்டவர்கள் எல்லோரும் ஒன்றையேதான் சொல்வார்கள்: "உங்க மீட்டர்ல கோளாறுங்க." அவர் சிரித்துக்கொண்டே பாலைத் திருப்பி அனுப்புவார். அவர் வேண்டாம் என்ற பாலை டீக்கடைக்காரர்களும் வாங்க மாட்டார்கள்.

ரிட்டயர் ஆனதும் என்ன செய்வது என்பதை அவர் முப்பது வயதிலேயே முடிவு செய்து வைத்திருந்தார். கல்யாண வீடுகளுக்கு ரேடியோ செட் கட்டுகிறவர்கள் கேசட்டுக்கு மாறிய காலத்தில் இசைத்தட்டுகளைக் கட்டுக்கட்டாகப் பழைய சாமானோடு போட்டார்கள். பொள்ளாச்சி, சித்தூர், கொல்லங்கோடு என்று எங்கே கேள்விப்பட்டாலும் பைக்கில் போய் வாங்கி வந்தார். நாகஸ்வரம், சினிமா, பக்திப் பாட்டு, கச்சேரி என்று நானூறுக்கு மேல் சேர்ந்துவிட்டது. போட்டுக் கேட்க ஒரு சின்னப் பெட்டி ப்ளேயர்தான் இருந்தது. அதன் ஊசி தட்டைச் சுரண்டுவது பொறுக்காமல் அதையும் நிறுத்திவிட்டார். மாடு, தென்னை, மகள் செல்வப்பிரியாவின் படிப்பு, கல்யாணம் என்று வருஷங்கள் போயின. தட்டுகள் இரும்பு பீரோவுக்குள் வேட்டித் துணியில் சுற்றிக் கிடந்தன. "ரிட்டயர்டு ஆகட்டும், ஒரு செட்டு கட்டறேன் பாரு" என்று மனைவி மயிலாத்தாளிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

சொன்னபடியே கட்டினார். அவருக்கு அதைச் செய்து கொடுத்தவர் பாண்டீஸ்வரன்.

கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டி.வி., ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் கடை வைத்திருந்தார் பாண்டீஸ்வரன். மூணாறு பக்கம் ஒரு எஸ்டேட்டில், தொழிலாளிகளின் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர். அப்பா தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டர். அப்பா ரிட்டயர் ஆனதும் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டி வந்தது. பாண்டீஸ்வரன் மனைவி சந்தனத்தையும் அப்போதுதான் பள்ளிக்கூடம் சேர்ந்திருந்த மகள் ஆர்த்தியையும் கூட்டிக்கொண்டு மலையிறங்கினார். பத்து வருஷத்தில் ஊரில் ஒரு பேர் எடுத்திருந்தார். கோயில் நோம்பியோ பள்ளிக்கூட ஆண்டு விழாவோ, மைக் செட் மக்கர் செய்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

நாலு மாசம் இரண்டு பேரும் ஒன்றாகவே அலைந்தார்கள். கோயமுத்தூரில் ஒரு டாக்டர் வீட்டில் விற்பனைக்கு வந்த, தட்டைச் சுழற்றும் பழைய ஜப்பான் டர்ன்டேபிளைப் போய்ப் பார்த்து, பாண்டீஸ்வரன் அதன் ஊசிக் கையை ஒரு விரலால் தூக்கிப் பார்த்து, "இத விட்டுறாதீய சார்" என்றார். ஆம்பைக் கடையில் வாங்கவில்லை. டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுவதிலிருந்து எல்லாவற்றையும் பாண்டீஸ்வரனே செய்தார். ஸ்பீக்கர் பெட்டிகளை அவர் கொடுத்த அளவுக்கு ஒரு தச்சர் அறுத்துக் கொடுத்தார். வீட்டுக்குப் பின்னால் உர மூட்டை அடுக்கிவைக்கும் அறையைக் காலி செய்து சுவரில் கயிற்றுப் பாயும் பஞ்சு மெத்தையும் அடித்தார்கள். முன்பக்க ரோட்டில் முதலமடை மாங்காய் லாரிகள் போகும்போது தரை லேசாக அதிரும். அதிர்ந்தால் ஊசி அதையும் பாட்டோடு சேர்த்துக் கொடுத்துவிடும். அதனால் தரையைத் தோண்டி மணல் நிரப்பி, அதன்மேல் ஒரு கருங்கல் பலகையைப் போட்டு, அதில் டர்ன்டேபிளை உட்கார வைத்தார்கள்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முதல் தட்டு ஓடியது. ஒரு நாகஸ்வரத் தட்டு. கல்யாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கரில் நூறு தடவை கேட்டதுதான். ஆனால் அன்றைக்குத்தான், வாசிக்கிறவர் மூச்சு இழுப்பது கேட்டது. தவில்காரரின் விரல் கூடு தோலில் படும் சின்னச் சத்தம் வலப்பக்கத்திலிருந்து தனியாக வந்தது. மோகனசுந்தரம் நாற்காலியில் அசையாமல் இருந்தார். ஈரக் கையோடு வாசலில் வந்து நின்ற மயிலாத்தாள், "ஏனுங்க, ஆளே உள்ள வந்து உக்காந்து வாசிக்கிற மாதிரி இருக்குதுங்க" என்றாள். பாண்டீஸ்வரன் சுவரோரம் குந்தி உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"தம்பி, இத்தன வருசம் காத்துக்கிட்டிருந்ததுக்கு நீ வட்டியோட குடுத்துட்டெ" என்றார் மோகனசுந்தரம். அன்று பாண்டீஸ்வரனை சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார்.

அதற்குப் பிறகு மூன்று மாசம் அவர் வாழ்க்கையிலேயே நல்ல மாசங்கள். காலையில் மாட்டு வேலை முடிந்ததும் அறைக்குள் போவார். மின்விசிறியைக்கூட நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார்.

கார்த்திகையில் இரைச்சல் ஆரம்பித்தது. தட்டு முடிந்து ஊசி எழும்பும் சமயத்தில், இடப்பக்க ஸ்பீக்கரிலிருந்து, சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற மாதிரி ஒரு மெல்லிய 'உஸ்'. முதலில் தட்டில் தூசு என்று நினைத்தார். பிறகு ஊசியை மாற்றினார். பிறகு பாண்டீஸ்வரனைக் கூப்பிட்டார்.

பாண்டீஸ்வரன் தரையில் மண்டியிட்டு, இடப்பக்க ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்துக் கேட்டார். "சார், எனக்கு ஒண்ணும் கேக்கலியே."

"நல்லாக் கேளு தம்பி. மயிலா, உனக்குக் கேக்குதா இல்லியா?"

மயிலாத்தாளுக்கு எதுவும் கேட்கவில்லை. ஆனால் வெளியாளுக்கு முன்னால் புருஷன் வார்த்தையை மறுத்துப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. "கேக்கற மாதிரியும் இருக்குது, கேக்காத மாதிரியும் இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பாண்டீஸ்வரன் எர்த் ஒயரை மாற்றினார். அடுத்த வாரம் வந்து ஆம்பைப் பிரித்து, சந்தேகப்பட்ட பாகங்களை எல்லாம் மாற்றினார். அதற்குக் கூலி கேட்கவில்லை. இரைச்சல் போகவில்லை. மூன்றாம் தடவை வந்தபோது, ஸ்பீக்கர் ஒயர்களை வலது இடதாக மாற்றிச் செருகினார்.

"சார், ரெண்டு பக்கத்தையும் மாத்திப் போட்டுட்டேன். ஆம்ப்ல கோளாறுன்னா இரைச்சல் இப்ப வலப்பக்கம் வரணும்."

மோகனசுந்தரம் கண்ணை மூடிக் கேட்டார். "இடப்பக்கந்தான் வருது."

பாண்டீஸ்வரன் ஆம்பைப் பார்த்தார். "பேலன்ஸ் திருகு ஏன் சார் இம்புட்டு இடப்பக்கம் கெடக்கு? நா நடுவுல வச்சுட்டுல்லா போனேன்."

"இடப்பக்கம் சத்தம் கொறஞ்சுபோச்சு. அதையுந்தான் பாக்கச் சொல்றேன்."

பாண்டீஸ்வரன் கொஞ்ச நேரம் ஸ்குரூ டிரைவரை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டு நின்றார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். "கோவிச்சுக்கிடாதீய சார். நாற்காலியத் திருப்பிப் போட்டு, ஸ்பீக்கருக்கு முதுகக் காட்டி உக்காந்து பாருங்க. அப்பவும் இடது காதுலயே கேட்டுச்சுன்னா, ஒரு தடவ காது டாக்டரப் பாத்துருங்க. எங்கப்பாவுக்கும் ஃபேக்டரி மிஷின் சத்தத்துல இப்பிடித்தான் காதுக்குள்ள இரையும்."

மோகனசுந்தரத்தின் முகம் இறுகியது. "என்ற காதுல கோளாறுங்கறயா?"

"கோளாறுன்னு சொல்லல சார். ஒரு சந்தேகந்தான்."

"உங்க மீட்டர்ல கோளாறுன்னு சொன்னவனுக எத்தன பேர நான் பாத்திருக்கறேன் தெரியுமா? நாற்காலியத் திருப்பிப் போட்டு உக்காரணுமாம்! என்னைய என்ன கோமாளின்னு நெனச்சுக்கிட்டயா?"

அவர் நாற்காலியைத் திருப்பிப் போடவில்லை. பாண்டீஸ்வரன் சாமான் பையை எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் மோகனசுந்தரம் ஆம்பைக் காரில் ஏற்றிக்கொண்டு பொள்ளாச்சிக்குப் போனார். அங்கே ஒரு மெக்கானிக் மூடியைத் திறந்து ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "டிரான்சிஸ்டர் எல்லாம் டூப்ளிகேட்டுங்க. ஆரு உங்கள இப்பிடி ஏமாத்துனது?" என்றான். எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்றும் சொன்னான். வேலையைப் பிடிப்பதற்காக அப்படிச் சொல்கிறான் என்பது, வேறு யாருடைய விஷயமாக இருந்தாலும் மோகனசுந்தரத்துக்கு உடனே தெரிந்திருக்கும். அன்றைக்கு அவர் கேட்க விரும்பியதை அவன் சொன்னான்.

மறுநாள் காலையில் சொசைட்டிக்குப் போனார். பால் ஊற்ற வந்தவர்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். "பஸ் ஸ்டாண்டு பாண்டி டூப்ளிகேட் சாமான் போட்டு என்னையவே ஏமாத்திப்போட்டான். நாலு மாசம் என்ற ஊட்டுச் சோத்தத் தின்னுபோட்டு" என்றார். அவர் குரலை உயர்த்திப் பேசுகிற ஆள் இல்லை. அதனாலேயே எல்லோரும் நம்பினார்கள்.

அதோடு விடாமல் போலீஸ் ஸ்டேஷனில் புகாரும் எழுதிக் கொடுத்தார். பாண்டீஸ்வரனைக் கூப்பிட்டுக் காலையிலிருந்து சாயந்திரம் வரைக்கும் வெளி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். வாங்கிய கூலியைத் திருப்பித் தருவதாக எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். அதற்காக அவர் டிரான்ஸ்ஃபார்மருக்குக் கம்பி சுற்றும் மிஷினை விற்க வேண்டி வந்தது. பள்ளிக்கூடத்துக்காரர்கள் புது மைக் செட்டை வேறு ஆளிடம் கொடுத்தார்கள். நோம்பிக்கு யாரும் கூப்பிடவில்லை. ரிப்பேருக்குக் கொடுத்த டி.வி.க்களைக்கூட, இவன் உள்ளே எதை எடுத்துவிட்டானோ என்று சிலர் அப்படியே திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள்.

தை மாசத்தில் ஒருநாள் சந்தனம் வந்து கேட்டுக்கு வெளியே நின்றாள். மயிலாத்தாள்தான் போனாள்.

"அக்கா, அவுக அப்பிடிச் செய்யிற ஆளு இல்ல. உங்களுக்கும் தெரியும். சார்ட்ட ஒரு வார்த்த நீங்க சொல்லப்படாதா?"

மயிலாத்தாள் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளேயிருந்து மோகனசுந்தரம், "ஆரு அது?" என்று கேட்டார். "ஆருமில்லீங்க" என்றாள் மயிலாத்தாள். சந்தனம் அவளை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தாள். மாசிக்குள் அந்தக் குடும்பம் வீட்டையும் கடையையும் காலி செய்துவிட்டுப் போய்விட்டது.

பொள்ளாச்சி மெக்கானிக் ஆம்பில் பாதியைப் பிடுங்கிப் புதிதாக மாட்டிக் கொடுத்திருந்தான். இரைச்சல் இருந்தது. மோகனசுந்தரம் மறுபடியும் இரண்டு தடவை பொள்ளாச்சி போனார். ஒயர்களை மாற்றினார், ஸ்பீக்கரை மாற்றினார். பாட்டுக் கேட்பதே குறைந்துபோயிற்று. அறைக்குள் உட்கார்ந்து இரைச்சலையே கேட்டுக்கொண்டிருந்தார்.

சித்திரையில் ஒரு மத்தியானம், கிழக்கே இடி முழங்கிக்கொண்டிருந்தது. அவர் ஒரு தட்டைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. பாட்டு இழுத்து, தணிந்து, நின்றது. ஆம்பின் சிவப்பு விளக்கு அணைந்தது. வெளியே காற்றுகூட இல்லை.

உஸ் என்று இரைச்சல் வந்துகொண்டே இருந்தது.

முதலில் அவருக்குப் புரியவில்லை. எழுந்து போய் பிளக்கைப் பிடுங்கினார். ஸ்பீக்கர் ஒயர்களைக் கழற்றினார். இரைச்சல் இருந்தது. கதவைத் திறந்து வெளியே வந்தார். மாட்டுக் கொட்டகைக்குப் போனார். கிணற்று மேட்டுக்குப் போனார். அது அவர் கூடவே வந்தது. எத்தனையோ மாசமாக மின்விசிறிச் சத்தத்திலும் மாட்டுச் சத்தத்திலும் லாரிச் சத்தத்திலும் அமுங்கிக் கிடந்தது. அந்த அறையின் அமைதியில் மட்டும்தான் கேட்டிருக்கிறது. போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார். எப்போதும் வலது காதில் வைத்துப் பேசுகிறவர், அன்று இடது காதில் வைத்தார். செல்வப்பிரியா பேசுவது எங்கேயோ சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ முணுமுணுப்பது போல இருந்தது. ஒரு சொல்லும் புரியவில்லை.

கிணற்று மேட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மயிலாத்தாள் தேடிக்கொண்டு வந்தபோது, "மயிலா, அன்னிக்கு உனக்குச் சத்தம் கேட்டுச்சா இல்லியா? நெசமாச் சொல்லு" என்றார்.

"கேக்கலீங்க."

"ஒருநாளுமா?"

"ஒருநாளும் கேக்கலீங்க" என்று சொல்லி அவள் அழ ஆரம்பித்தாள்.

செல்வப்பிரியா கோயமுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். காதைச் சோதித்தார்கள். பிறகு தலையை ஸ்கேன் எடுத்தார்கள். இடது காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் ஒரு கட்டி. புற்று இல்லை என்றார் டாக்டர், ஆனால் மூளைத்தண்டை அழுத்துகிற அளவுக்கு வந்துவிட்டது, எடுத்துத்தான் ஆகவேண்டும். எடுத்தால் அந்தக் காது போய்விடும். முகத்தின் அந்தப் பக்கம் கோணிப்போகவும் கூடும்.

"நடக்கையில தள்ளாட்டம் இருந்திருக்குமே, கவனிக்கலீங்களா?" என்று டாக்டர் கேட்டார். "சத்தம் ஆரம்பிச்சப்பவே வந்திருந்தா, ஒருவேளை ரேடியேஷனோட முடிஞ்சிருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது."

பதினைந்து நாள் கழித்து ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்கள். அந்தப் பதினைந்து நாளில் மோகனசுந்தரம் பாண்டீஸ்வரனைத் தேடினார். கடை இருந்த இடத்தில் பிராய்லர் கோழிக்கடை வந்திருந்தது. பக்கத்து டெய்லர்தான், மூணாறுக்கே திரும்பிப் போய்விட்டதாகவும், ஏதோ ரிசார்ட்டில் வேலை என்றும் சொல்லி, பேரையும் எழுதிக் கொடுத்தார். செல்வப்பிரியா வேண்டாம் என்றாள். தலைக்குள் கட்டியோடு மலை ஏறுவதா என்றாள். அவர் கேட்கவில்லை. மயிலாத்தாள் கூட வந்தாள். பொள்ளாச்சி போய், உடுமலைப்பேட்டையில் பஸ் மாறி, சின்னாறு, மறையூர் வழியாக மேலே போனார்கள். வளைவுகளில் அவர் தலை சுற்றி இரண்டு தடவை வாந்தி எடுத்தார்.

பாண்டீஸ்வரன் நீல யூனிஃபார்ம் போட்டு, ரிசார்ட்டின் நீச்சல் குளத்தில் விழுந்த இலைகளை நீளக் கம்பு வலையால் அள்ளிக்கொண்டிருந்தார். ஜெனரேட்டரும் அவர் பொறுப்பு. அவர்களைப் பார்த்ததும் கம்பைக் கீழே வைத்தார்.

"வாங்க சார். வாங்கக்கா. எம்புட்டு தூரம் வந்துருக்கீய."

"நீ சொன்னதுதான் தம்பி சரி. காதுலதான் இருந்துச்சு. கட்டியாம்."

பாண்டீஸ்வரன் அவர் முகத்தையே பார்த்தார். "பெருசா சார்?"

"எலுமிச்சங்காயாட்ட. வர்ற வாரம் ஆப்பரேசன்." மோகனசுந்தரம் கை கூப்பினார். "தப்புப் பண்ணிப்போட்டேன். என்னைய மன்னிச்சிரு தம்பி."

பாண்டீஸ்வரன் அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டார். பிடித்த விதத்தில் கோபம் இல்லை. ஆனால் உடனே விட்டுவிட்டார்.

"ஊரே நிக்கும்போது சொன்னீய சார். இங்க ஆளில்லாத எடத்துல வந்து மன்னிச்சுருன்னா நா என்ன செய்ய?" என்றார். "ஸ்டேஷன் பெஞ்சுல நா உக்காந்திருந்தத எம்மவ ஸ்கூல் பஸ்ல இருந்து பாத்துருக்கா. கிளாஸ்ல டூப்ளிகேட்டு, டூப்ளிகேட்டுன்னே கூப்புட்டுருக்கானுவ. வீட்ல ஒரு வார்த்த சொல்லல. பத்தாங் கிளாஸ் பரீட்சைக்குப் போக மாட்டேன்னுட்டா. இப்ப அறைய விட்டு வெளிய வாரதில்ல."

மயிலாத்தாள் முன்னால் வந்தாள். "தம்பி, எனக்கு அன்னிக்கே ஒரு சத்தமும் கேக்கல. நான் வாயத் தொறந்து சொல்லியிருக்கோணும்."

"அத சந்தனத்துக்கிட்ட சொல்லுங்கக்கா" என்றார் பாண்டீஸ்வரன்.

ரிசார்ட்டுக்குப் பின்னால் வேலைக்காரர்கள் தங்கும் வரிசை வீடுகள் இருந்தன. மயிலாத்தாள் மட்டும் போனாள். பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தாள். சந்தனம் கதவைத் திறந்தாளா இல்லையா என்பதை அவள் அப்புறம் யாரிடமும் சொல்லவில்லை.

அவர்கள் பஸ் ஏறும்போது பாண்டீஸ்வரன் சொன்னார்: "ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு நல்லபடியா வாங்க சார். நா சாமி கும்புட்டுக்கிடுதேன். மன்னிக்கதெல்லாம் எனக்குத் தெரியல."

திரும்பி வந்த மறுநாள் காலையில் மோகனசுந்தரம் சொசைட்டிக்குப் போனார். வரிசையில் முப்பது பேர் இருந்தார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று சொன்னார். பாண்டி டூப்ளிகேட் எதுவும் போடவில்லை, கோளாறு முழுக்க என் காதில், அவனைப் பற்றி நான் சொன்னது பொய் என்றார். ஸ்டேஷனுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். பால் ஊற்றுகிற சத்தம்கூட நின்றிருந்தது. "விடுங்க, போனது போச்சு. ஒடம்பப் பாருங்க" என்றார் ஒருவர்.

வரிசையின் கடைசியில் நின்ற குப்பண்ணன் கேனைக் கீழே வைத்தார். எழுபது வயதிருக்கும். இரண்டு மாடு வைத்திருக்கிறவர்.

"ஏனுங்க, ஒண்ணு கேக்கறனுங்க. இருவது வருசத்துக்கு முந்தி என்ற பாலத் திருப்பி அனுப்புனீங்க. நெனப்பிருக்குதுங்களா? ஆறு மாசம் ஒருத்தரும் என்ற பால வாங்கல. ஒரு மாட்ட வித்துத்தான் பொழச்சேன். அன்னிக்கு நான் தண்ணி கலக்கலீங்க."

மோகனசுந்தரத்துக்கு நினைவு இருந்தது. அன்றைக்கு மீட்டர் என்ன காட்டியது என்பது நினைவில்லை. குப்பண்ணனின் முகத்தைப் பார்த்துத் தீர்மானித்தது மட்டும் நினைவிருந்தது. குப்பண்ணன் பதிலுக்காக நிற்கவில்லை. கேனைத் தூக்கிக்கொண்டு வரிசையில் முன்னேறினார்.

ஆபரேஷன் ஒன்பது மணி நேரம் நடந்தது. உயிருக்கு ஆபத்தில்லாமல் வந்தார். இடது காது போய்விட்டது. முகத்தின் இடப்பக்கம் தொங்கியது. அந்தக் கண்ணின் இமை மூடுவதில்லை, தூங்கும்போது மயிலாத்தாள் பஞ்சு வைத்து ஒட்டிவிட வேண்டும். காப்பி குடித்தால் ஓரத்தில் வழியும். காது போன பிறகும் இரைச்சல் மட்டும் போகவில்லை. அது சிலருக்கு அப்படித்தான், மூளை பழகிக்கொள்ளும் என்றார் டாக்டர்.

ஆடி மாசத்தில் ஒருநாள் பின்னறைக்குள் போய் ஒரு தட்டைப் போட்டார். நாலு மாசம் அலைந்து, அளந்து, மணல் நிரப்பி, கல் போட்டுக் கட்டிய செட்டு. எல்லாச் சத்தமும் ஒரே இடத்திலிருந்து, வலது காதோரத்திலிருந்து, ஒன்றன்மேல் ஒன்று விழுந்து வந்தது. எது முன்னால் எது பின்னால் என்று அவருக்குப் பிரித்துத் தெரியவில்லை. பாதியில் ஊசியைத் தூக்கிவிட்டு வெளியே வந்தார். பிறகு அந்த அறைக்குள் போகவில்லை.

அவர் செய்தது ஒன்றுதான். பாண்டீஸ்வரனுக்கு வாரம் ஒரு தடவை போன் செய்தார். ரோட்டோரத்தில் தன் தென்னந்தோப்பை ஒட்டி ஒரு கடை கட்டித் தருகிறேன், வாடகை வேண்டாம், வந்துவிடு என்று சொல்வதற்காக. முதல் தடவை மட்டும் பாண்டீஸ்வரன் எடுத்து, "வேண்டாம் சார்" என்றார். அப்புறம் எடுக்கவில்லை.

புரட்டாசியில் ஒரு சாயந்திரம் மயிலாத்தாளுக்கு ஒரு போன் வந்தது. சந்தனம். மயிலாத்தாள் பேசி முடித்துவிட்டு வெகு நேரம் அடுப்படியிலேயே இருந்தாள். பிறகு வந்து அவருக்கு வலப்பக்கமாக உட்கார்ந்தாள். இப்போதெல்லாம் அவள் அந்தப் பக்கம்தான் உட்காருவது.

"சந்தனம் பேசுனாளுங்க."

அவர் திரும்பினார்.

"நீங்க சொசைட்டில சொன்னதக் கேட்டுப்போட்டு, நோம்பிக்காரவிய பாண்டிக்கு போன் பண்ணியிருக்கறாங்க. செட்டு நீங்கதான் பாக்கோணும், வாங்கன்னு. மாட்டேன்னு சொல்லிப்போட்டாராம். சோல்டர் கம்பியவே இப்ப கையில தொடறதில்லையாம். ஊட்டு மிக்ஸி கெட்டுப்போனாக்கூட வெளிய குடுத்துத்தான் வாங்கறாங்களாம்."

மோகனசுந்தரம் மூடாத கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "அதச் சொல்றதுக்கா போன் பண்ணுனா?"

"இல்லீங்க. புள்ள பரீட்சைக்கு மறுபடி பேர் குடுத்திருக்கறாளாம். பழைய பள்ளிக்கூடத்துல இருந்து ஒரு சர்டிபிகேட் வேணுமாம். இங்க வர்றதுக்கு அவியளுக்கு மனசில்ல. நீங்க வாங்கித் தர முடியுமான்னு கேட்டா. பாண்டிக்குத் தெரியாதாம், அவளாத்தான் கேக்கறாளாம்."

"முழுப்பேரு, வருசம் எல்லாம் சொன்னாளா?"

"எழுதி வச்சிருக்கறனுங்க."

மறுநாள் அவர் பஸ்ஸில் கொழிஞ்சாம்பாறை போனார். பள்ளிக்கூட ஆபீஸில் இருந்த கிளார்க் ஜிஜி, அவருடைய கோணிய வாயிலிருந்து வந்த பேச்சு விளங்காமல் இரண்டு தடவை திருப்பிக் கேட்டாள். அவர் மயிலாத்தாள் எழுதிய சீட்டை நீட்டினார். மூன்று மணிவரை இருக்க வேண்டும் என்றாள் ஜிஜி. அவர் வராந்தாவில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தார். பிள்ளைகள் கூட்டமாக அவரைக் கடந்து போனார்கள். சிலர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஒருவரோடொருவர் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். என்ன சொன்னார்கள் என்பது அவருக்குக் கேட்கவில்லை. மூன்று மணிக்கு ஜிஜி சர்டிபிகேட்டைக் கொடுத்தாள். பெயரையும் பிறந்த தேதியையும் சீட்டோடு வைத்து இரண்டு தடவை சரிபார்த்துவிட்டு, ரெஜிஸ்டர் தபாலில் அனுப்புவதற்காகப் போஸ்டாபீஸை நோக்கிச் சுவரோரமாக நடந்தார்.